திக்குதா, குதிக்குதா?

“சார், ஸ்க்ரீன் திக்குதுங்க.”

என் தொழிலில் முக்கால்வாசி வேலை இந்த ஒரு வரியில்தான் தொடங்கும். பேசுபவர் மில் எலக்ட்ரீஷியனாக இருப்பார். பின்னால் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் இரைந்துகொண்டிருக்கும். “திக்குதா, குதிக்குதா, கிழியுதா?” என்று நான் திருப்பிக் கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும். ஏதோ நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்துப் போனை வைத்தவர்களும் உண்டு.

கோவையில் பஞ்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பேனல் செய்யும் ஒரு நிறுவனத்தில் 2011-இல் சேர்ந்தேன். இயந்திரத்தின் தலைமாட்டில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் ஏழு அங்குலத் தொடுதிரை. அகலத்தில் 800 புள்ளி, உயரத்தில் 480. பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு, அதில் ஓர் ஆர்ம் சிப், அரை ஜிபி ராம், லினக்ஸ். ஸ்பிண்டில் என்ன வேகத்தில் சுற்றுகிறது, எத்தனை இழை அறுந்தது, நிறைந்த கண்டுகளைக் கழற்றும் டாஃப் அடுத்து எப்போது என்பதெல்லாம் அந்தத் திரையில் வரும். முதலில் வெறும் எண்கள்தான் வந்தன. எண்கள் திக்காது; மாறும், நிற்கும், அவ்வளவுதான். பிறகு எங்கள் மேலாளர் ஒரு இயந்திரக் கண்காட்சிக்குப் போய், வெளிநாட்டு மெஷின் ஒன்றில் கிராஃப் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு எனக்குப் பிடித்தது சனி.

திரையில் கோளாறு என்றால் மென்பொருள்காரன் வாயில் முதலில் வருவது “டிரைவர் பிரச்சினை”. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் எந்த டிரைவர் என்று கேட்டால் முழிப்பேன். கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரே பொருள் இருக்கிறது. படத்தை வரைவதும் அதுதான், திரைக்கு அனுப்புவதும் அதுதான். இந்தச் சின்னச் சிப்புகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. வரைவது ஜிபியு. வரைந்ததை நினைவகத்திலிருந்து எடுத்து, வரி வரியாகக் கண்ணாடிக்குக் கொண்டுபோவது டிஸ்ப்ளே கன்ட்ரோலர் என்ற வேறொரு பகுதி. ஒரே சிப்புக்குள் இரண்டும் இருந்தாலும், பல சமயம் இரண்டையும் வடிவமைத்தது வேறு வேறு நிறுவனம். டிரைவரும் இரண்டு, அவற்றை எழுதிய ஆட்களும் இரண்டு கூட்டம். கல்யாணப் பந்தியில் இலைக்குச் சாம்பார் வரவில்லை என்றால், சமையற்கட்டில் இன்னும் கொதிக்கவில்லையா, அல்லது வாளியைத் தூக்கியவர் வழியில் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றுவிட்டாரா என்று பார்க்க வேண்டும். நான் முதல் சில வருடம் எதற்கெடுத்தாலும் சமையற்காரரோடு மட்டுமே சண்டை போட்டேன்.

ஒரு தடவை சண்டை நியாயமாகவும் இருந்தது. 2014 வாக்கில் பழைய கெர்னலைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டோம். போட்ட மறுநாள் கிராஃப் செக்கு மாடு போல நகர்ந்தது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. படத்தில் ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை, நிறம் சரி, எழுத்து சரி. வேகம் மட்டும் வினாடிக்கு ஆறு ஃபிரேம். இரண்டு நாள் எங்கள் புரோகிராமிலேயே தேடினேன். மூன்றாம் நாள்தான், இதை வரைவது யார் என்று சிஸ்டத்தையே கேட்கத் தோன்றியது. ஓபன்ஜிஎல் தன் பெயரைச் சொல்லும் ஒரு வரி உண்டு. அதில் ஜிபியுவின் பெயர் இல்லை. ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தது. அதாவது ஜிபியு லீவில் போய்விட்டது, அதன் வேலையையும் சேர்த்து சிபியுவே பார்த்துக்கொண்டிருந்தது. சிப் விற்றவர்கள் ஜிபியு டிரைவரை இரண்டு துண்டாகத் தந்திருந்தார்கள். கெர்னலுக்குள் உட்காரும் சின்னத் துண்டுக்கு மூல நிரல் உண்டு. உண்மையான வேலையைச் செய்யும் பெரிய துண்டு திறக்க முடியாத பைனரி. இரண்டின் பதிப்பு எண்ணும் அச்சாகப் பொருந்தினால்தான் ஒன்றோடொன்று பேசும். புதிய கெர்னலில் சின்னத் துண்டு ஏறவில்லை. பெரிய துண்டு சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. மெசா என்ற திறந்த நூலகம் நல்ல மனதோடு இடத்தை நிரப்பியது. அந்த நல்ல மனதுதான் எங்களைக் கெடுத்தது. திரை ஒரேயடியாகக் கறுத்துப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

புதிய பைனரி கேட்டு எழுதினோம். பதில் வருவதற்குள் பழைய கெர்னலுக்கே திரும்பிப் போனோம். அந்தப் பொருள் சந்தையில் இருந்தவரை, பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொன்றையும் பழைய கெர்னலில் கையால் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பைனரி என்ற இந்தப் பூட்டைத் தன்னார்வலர்கள் உடைத்த கதை தனியாக எழுத வேண்டியது. மாலி ஜிபியுவுக்குத் திறந்த டிரைவர் எழுதும் ‘லிமா’ முயற்சியை லூக் வெர்ஹேகன் 2012-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஃபாஸ்டெம் மாநாட்டில் அறிவித்தார். வன்பொருளுக்கு என்ன கட்டளைகள் போகின்றன என்று ஒட்டுக்கேட்டு, அதன் மொழியைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டு எழுதுவது அந்த வேலை. இடையில் நின்றது, பிறர் கைக்கு மாறியது. லிமாவும், அதற்கடுத்த தலைமுறை மாலிக்கு அலிஸ்ஸா ரோசன்ஸ்வைக் தொடங்கிய ‘பான்ஃப்ராஸ்ட்’டும் 2019-இல் 5.2 கெர்னலில் ஒன்றாக நுழைந்தன. விவான்டே ஜிபியுவுக்கான ‘எட்னாவிவ்’ 2016-இலேயே வந்துவிட்டது. இன்றைக்கு வரும் இளம் பொறியாளர்கள் கெர்னலை மாற்றியபின் திரை அப்படியே ஓடுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்னும் முதல் தடவை பூட் ஆகும்போது வயிற்றைப் பிசையும்.

ஜிபியு லீவில் போவதைப் பிடிக்கக் கற்றபின், வரும் புகார் எல்லாவற்றுக்கும் அந்த மருந்தையே கொடுத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. திருப்பூர் பக்கம் ஒரு மில்லில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேல் மட்டும் திரை மந்தமாகும். ராத்திரி ஷிஃப்டில் பூப்போல ஓடும். பேனலைத் திறந்தால், ஹீட்சிங்க் தெரியவே இல்லை. தலையணைக்குள் கைவிட்டதுபோல ஒரே பஞ்சு. ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் பஞ்சுத் தூசி எதற்குள்ளும் நுழையும். சிப் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே பாதியாக்கிக்கொண்டிருந்தது. ஏர் கன்னை வாங்கி ஊதினேன், முடிந்தது. டிரைவர் புதுப்பிப்பு என்று பயணப்படியில் எழுதி வாங்கிய அனுமதிக்கு என்ன கணக்குக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

குதிப்பது வேறு சாதி. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சைடர் அக்கா. ரிங் ஃபிரேமின் ஒரு பக்கத்தை நாள் முழுக்க நடந்து நடந்து, அறுந்த இழையை ஒட்டுகிறவர்களை மில்லில் சைடர் என்பார்கள். மேஸ்திரி எனக்குத் “திக்குது” என்றுதான் எழுதி அனுப்பியிருந்தார். நான் பேனலின் முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் திக்கவில்லை. நான் கண்ணைக் கசக்கும் நேரமாகப் பார்த்து ஏதோ ஆகும், நிமிர்ந்தால் சரியாக இருக்கும். அந்த அக்கா மூன்றாவது சுற்று நடந்து வரும்போது நின்று சொன்னார்:

“அது திக்கலீங்க சார், குதிக்குதுங்க. படமே சித்த அக்கட்டால நகந்துட்டுத் திரும்ப வருதுங்க. அந்த மூலையில மணி இருக்குதுங்கல்ல, அதுல நிமிஷம் மாறும்போது ஒருக்கா.”

நான் நிமிடம் மாறும்வரை காத்திருந்தேன். 11:42, 11:43 ஆனபோது முழுப்படமும் ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்து, அடுத்த கணம் பழைய இடத்துக்கு வந்தது. அத்தனை நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது லேப்டாப்பை.

நிமிடத்துக்கு ஒரு முறை எங்கள் புரோகிராம் அதுவரை சேர்ந்த கணக்கையெல்லாம் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும். அந்த எழுத்துக்கும் திரைக்கும் என்ன பகை? கணக்குப் போட்டால் பகைக்கு இடமே இல்லை. 800 பெருக்கல் 480 பெருக்கல் புள்ளிக்கு நான்கு பைட் என்றால் ஒரு படம் 15,36,000 பைட். வினாடிக்கு அறுபது படம் என்றால் சுமார் 92 மெகாபைட். எங்கள் போர்டில் இருந்தது 16 பிட் அகலமுள்ள டிடிஆர்3, வினாடிக்கு 80 கோடி பரிமாற்றம். ஏட்டளவில் 1,600 மெகாபைட். திரை கேட்பது அதில் ஆறு சதவீதம்கூட இல்லை.

ஏட்டுக் கணக்கு சராசரிக் கணக்கு. திரைக்குச் சராசரி போதாது. அறுபது படம், படத்துக்குக் கண்ணாடியில் தெரியாத காணா வரிகளும் சேர்த்து 525 வரி என்றால், ஒரு வரிக்குக் கிடைப்பது சுமார் 32 மைக்ரோசெகண்ட். டிஸ்ப்ளே கன்ட்ரோலரின் கையில் ஒரு சின்ன வாளி இருக்கிறது, ஃபிஃபோ என்பார்கள். நினைவகத்திலிருந்து அதில் அள்ளி, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். ஊற்றுவதை நிறுத்தவே முடியாது, கண்ணாடி காத்திருக்காது. சிபியுவும் ஃபிளாஷுக்கு எழுதும் டிஎம்ஏவும் ஒரே நேரத்தில் நினைவகத்தின் வாசலை அடைத்து நின்றால், வாளி சில மைக்ரோசெகண்டில் காலியாகிவிடும். ஊற்ற ஒன்றும் இல்லாத புள்ளிகளில் எதையோ ஊற்றிவிட்டு, பிறகு வரும் புள்ளிகளைத் தப்பான இடத்திலிருந்து தொடரும். படம் பக்கவாட்டில் நகர்வது அதனால்தான். கெர்னல் பதிவைத் திறந்தால் ‘ஃபிஃபோ அண்டர்ஃப்ளோ’ என்று நிமிடத்துக்கு ஒரு வரி, நாள் கணக்காக, ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. நான்தான் அதுவரை திறக்கவில்லை.

மெமரி கன்ட்ரோலரில் யாருக்கு முதலில் வழிவிடுவது என்று முன்னுரிமை வைக்கும் பதிவேடுகள் உண்டு. எங்கள் போர்டில் எல்லோருக்கும் ஒரே வரிசை என்று விட்டிருந்தார்கள். திரையை வரிசையில் முதல் ஆளாக நிற்கவைத்தேன். பாதுகாப்புக்குப் புள்ளிக்கு நான்கு பைட்டை இரண்டாகவும் குறைத்தேன். அதனால் பின்னணியில் இருந்த நீல வண்ணம் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்று டிசைனர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த நீலமே எனக்குப் பிடிக்காது.

கிழிவதும் சிமிட்டுவதும் இவ்வளவு வேலை வைக்காது. படத்தின் மேற்பாதி ஒரு கணத்தையும் கீழ்ப்பாதி அடுத்த கணத்தையும் காட்டினால் அது கிழிசல். காட்டிக்கொண்டிருக்கும் பலகையிலேயே வரைகிறீர்கள் என்று பொருள். இரண்டு பலகை வைத்துக்கொண்டு, ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வி-சிங்க் வரும்போது மாற்றினால் தீரும். திரை முழுவதும் ஒளி நடுங்கினால் பேக்லைட்டையும் மின்சாரத்தையும் பாருங்கள், டிரைவரைத் தொடவே வேண்டாம்.

இனி, சுத்தமாகத் திக்கிய கதை. மூன்று வாரம் தின்ற கதை.

புதிய போர்டு, புதிய சிப், திறந்த டிரைவர். ஜிபியு வேலைக்கு வந்திருக்கிறது. பெயரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். சூடு இல்லை, அண்டர்ஃப்ளோ இல்லை, கிழிசல் இல்லை. ஆனாலும் கிராஃப் ஓடும்போது, வண்டி வேகத்தடைகள் மேல் போவதுபோல, வினாடிக்கு ஐந்தாறு தடவை லேசாக இடித்தது. பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததா என்றால் இல்லை. சிலருக்குத் தலை வலித்தது, ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. என் கண்ணுக்கு அது மட்டுமே தெரிந்தது.

வினாடிக்கு எத்தனை படம் என்று எண்ணினேன். 54. திரை 60 என்று டிரைவர் சொல்கிறது. ஆக, ஆறு படம் விழுகிறது. ஜிபியு மூச்சு வாங்குகிறது. தீர்ப்பு எழுதிவிட்டேன். அதன்பின் மூன்று வாரம் நான் செய்ததெல்லாம் பாரம் குறைக்கும் வேலை. கிராஃபின் நிழலை எடுத்தேன். கோட்டின் ஓரத்தை மழுப்பும் வேலையை நிறுத்தினேன். எழுத்தை முன்கூட்டியே வரைந்து வைத்தேன். சிபியு வேகத்தை உச்சியிலேயே பூட்டினேன். மெசாவின் மூன்று பதிப்புகளை மாறி மாறிக் கட்டினேன். ஒவ்வொன்றைக் கட்டவும் ஒரு மத்தியானம். ஒவ்வொரு முறையும் எண்ணினால் 54. கடைசியில் எங்கள் புரோகிராமையே ஓரங்கட்டிவிட்டு, ஒரு கனசதுரம் மட்டும் சுழலும் சோதனை நிரலை ஓட்டினேன். அதற்கும் 54.

இப்போது யோசித்தால் அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் வண்டி ஒரே வேகத்தில் போனால், தடை மூட்டையில் இல்லை. ஆனால் மூன்று வாரம் ஒரு கருத்தைச் சுமந்தவனுக்கு அதை இறக்கிவைக்க மனம் வராது. கனசதுரம் வரையக்கூட இந்த ஜிபியுவுக்குத் தெம்பில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் லேபில் ஒரு அண்ணன் இருந்தார். சாலிடரிங், ஸ்கோப், எரிந்த போர்டை உயிர்ப்பிப்பது எல்லாம் அவர்தான். எங்களிடம் வருவதற்கு முன்னால் பொள்ளாச்சியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பிக்சர் டியூப் காலத்து ஆள். லினக்ஸ் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை. அன்று டீக்குக் கூப்பிட வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னங்க தம்பி, மூணு வாரமா அதையே பாத்துட்டு இருக்கறீங்க?”

“செகண்டுக்கு அறுபது படம் வரணுங்ணா. ஆறு கீழ விழுந்துருது.”

“விழுந்ததைப் பாத்தீங்களா?”

“எண்ணிப் பாத்தேங்ணா. அம்பத்திநாலுதான் வருது.”

“அப்ப வர்றது அம்பத்திநாலு. விழுந்ததுன்னு யாரு சொன்னாங்க?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேனலைக் கவிழ்த்தார். அந்தத் திரை இணை கம்பிகளால் இணைக்கப்பட்டது. 24 நிறக் கம்பி, ஒரு கடிகாரக் கம்பி, கூடவே ஹெச்-சிங்க், வி-சிங்க் என்று தனித்தனியாகக் கால்கள். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் வி-சிங்க் காலில் ஒரு துடிப்பு வரும். அதில் ஸ்கோப்பின் ஊசியை வைத்தார். பச்சைக் கோடு நின்றது. மூலையில் எண்: 54.11 ஹெர்ட்ஸ்.

எதுவும் விழவில்லை. கண்ணாடிக்குப் போவதே வினாடிக்கு 54 படம்தான். ஜிபியு ஒரு படம்கூடத் தவறாமல், கேட்டபோதெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான்தான் அந்த அப்பாவியை மூன்று வாரம் அடித்தேன்.

டீ ஆறிப்போனது. ஏன் 54 என்று தேட ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. திரைக்கு நாங்கள் கேட்டிருந்த புள்ளிக் கடிகாரம் 33.264 மெகாஹெர்ட்ஸ். காணும் புள்ளி, காணாப் புள்ளி எல்லாம் சேர்த்து வரிக்கு 1,056, படத்துக்கு 525 வரி, பெருக்கினால் 5,54,400. அதை அறுபதால் பெருக்கினால் அந்த 33.264 வரும். ஆனால் சிப்பில் திரைக்குக் கடிகாரம் வருவது பிஎல்எல் என்ற 150 மெகாஹெர்ட்ஸ் கடிகார ஊற்று ஒன்றிலிருந்து, முழு எண்ணால் வகுத்து. நான்கால் வகுத்தால் 37.5. ஐந்தால் வகுத்தால் 30. இடையில் ஒன்றும் கிடையாது. கேட்டதைவிட வேகமாகக் கொடுக்கக் கூடாது என்பது லினக்ஸ் கடிகார அமைப்பின் பொதுவான வழக்கம்; எனவே 30 கொடுத்தது. முப்பதை 5,54,400-ஆல் வகுத்துப் பாருங்கள், 54.11. டிஸ்ப்ளே டிரைவரோ, கிடைத்தது எவ்வளவு என்று திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டது 33.264, ஆகவே இது 60 ஹெர்ட்ஸ் திரை என்று மேலே இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டது. கெர்னலின் கடிகாரப் பட்டியலில் 3,00,00,000 என்று உண்மை எழுதியிருந்தது. இன்டரப்ட் பட்டியலை ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு தடவை பார்த்திருந்தால், ஸ்கோப்பே இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

திக்கலுக்குக் காரணம் 54 அல்ல. 54 படத்தை ஒழுங்காகக் காட்டினாலும் கண்ணுக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் டிவிகள் ஐம்பது ஹெர்ட்ஸில் எத்தனை வருடம் ஓடின. எங்கள் கிராஃப் நிரல், டிரைவர் சொன்ன அறுபதை நம்பி, படத்துக்கு 16.67 மில்லிசெகண்ட் வீதம் கோட்டை நகர்த்தியது. உண்மையில் படங்கள் 18.48 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வந்தன. படத்துக்குப் படம் 1.8 மில்லிசெகண்ட் பின்தங்கும். ஒன்பது, பத்துப் படத்தில் ஒரு முழுப் படம் அளவு பின்தங்கியதும், இயந்திரத்திலிருந்து வரும் எண்கள் முன்னால் போய்விட்டதைப் பார்த்து, கோட்டை ஒரு எட்டுத் தள்ளி வைக்கும். வினாடிக்கு ஆறு தடவை அந்த எட்டு. அந்தத் தள்ளலை எழுதியதும் நான்தான். ‘பாதுகாப்புக்காக’ என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன்.

பிஎல்எல்-இன் 150-ஐ மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதே 150-ஐ மூன்றால் வகுத்துத்தான் ஈதர்நெட்டுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் போகிறது. தொட்டால் நெட்வொர்க் படுத்துவிடும்.

மாட்டிக்கொண்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டது திரையின் டேட்டாஷீட்டை. ஆங்கில வாக்கியங்களை விட்டுவிட்டு நேராக அட்டவணைக்குப் போனார்.

“ஃப்ரண்ட் போர்ச் எவ்வளவு வச்சிருக்கறீங்க?”

பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியை வலப்பக்கம் வரை வரைந்துவிட்டு, அடுத்த வரிக்காக இடப்பக்கம் பறந்து திரும்ப வேண்டும். திரும்பும் நேரத்தில் படம் காட்டக் கூடாது. அதற்காக ஒவ்வொரு வரிக்கும் சிங்க் துடிப்புக்கு முன்னும் பின்னும் வெறும் நேரம் விட்டார்கள். ஃப்ரண்ட் போர்ச், பேக் போர்ச் என்று பெயர். போர்ச் என்றால் நம் ஊரில் திண்ணை. எல்சிடி திரையில் கற்றையும் இல்லை, பறப்பதும் இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியபிறகும் திண்ணையை மட்டும் விட்டு வைத்த கதைதான். எங்கள் திரையின் முன்திண்ணை 210 என்று வழக்கமான அளவாகப் போட்டிருந்தது. ஆனால் அதே வரியில் குறைந்தபட்சம் 16, அதிகபட்சம் 354 என்றும் இருந்தது. மூன்று எண்களில் நடு எண்ணைத் தவிர வேறெதையும் நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“கடியாரத்தைத் தொட முடியாதுன்னா திண்ணையைக் கொறைங்க தம்பி” என்றார். பழைய டிவியின் வி-ஹோல்டு திருகைத் திருகிப் படம் ஓடுவதை நிறுத்தியே பிழைத்த கை அது.

முன்திண்ணையை 210-இலிருந்து 106 ஆக்கினேன். வரிக்கு 1,056 என்பது 952 ஆயிற்று. 952 பெருக்கல் 525 என்றால் 4,99,800. முப்பது மெகாஹெர்ட்ஸை அதால் வகுத்தால் 60.02. வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் மாறியது இரண்டு எண்: திண்ணையின் அகலம், உண்மையிலேயே கிடைக்கும் கடிகாரம். மீண்டும் பூட் ஆனது. அண்ணன் ஊசியை வைத்தார். 60.02 என்று நின்றது. கிராஃப் எண்ணெய் போட்ட சக்கரம்போல ஓடியது. பிறகு அந்த ‘பாதுகாப்பு’த் தள்ளலை நீக்கிவிட்டு, படம் காட்டப்பட்ட நேரத்தைக் கெர்னலிடமே கேட்டு நகர்த்துமாறு நிரலை மாற்றினேன், நாளைக்கு யாராவது வேறு திரை வாங்கிப் போட்டாலும் இடிக்காது. பர்ச்சேஸ்காரர்கள் சொல்லிவிட்டா மாற்றுகிறார்கள்? வெவ்வேறு பெட்டிகளிலிருந்து இருபது திரைகளை எடுத்து, குறைத்த திண்ணையோடு இரண்டு நாள் ஓவனில் வைத்து ஓட்டினோம். ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் மேலாளர் என் பெயருக்கு எதிரே மூன்று வாரம் என்று எழுதியிருந்ததையும், மாற்றம் இரண்டு வரி என்பதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அண்ணனைக் கைகாட்டினேன். அவர் வி-சிங்க் பற்றி விளக்கப்போவதைப் பார்த்து மேலாளரே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

முதல் பத்து பேனல்களை மாட்ட, நிமிடம் மாறும்போது குதிப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன அக்கா வேலை பார்க்கும் அதே மில்லுக்குத்தான் போனேன். புதிய கிராஃபை ஓடவிட்டு, மேஸ்திரியிடம் ஏதோ கேட்பதுபோல ஓரமாக நின்றேன். அக்கா சுற்று முடித்து வந்தார். நடை நிற்கவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. திரையை ஐந்து வினாடி பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“நல்லா இருக்குதுங்க சார்” என்றார். “அந்தக் கீழ இருக்கற எழுத்த மட்டும் சித்தப் பெருசாக்கிக் குடுங்க. நடந்துட்டே படிக்க முடியறதில்லீங்க.”